இரும்புக்குள் அடக்கிய இடி

தஞ்சாவூர்க் கோட்டையின் கிழக்கு வாயிலை ஒட்டிய பீரங்கி மேட்டில், ஏறத்தாழ 26 அடி நீளமும் 22 டன் எடையும் கொண்ட இராஜகோபால பீரங்கி, வெயிலும் மழையும் படும் திறந்த மேடையில் இன்றும் கிடக்கிறது. தஞ்சை நாயக்கருள் புகழ்பெற்ற இரகுநாத நாயக்கரின் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானதாகக் கருதப்படும் இது, உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி வார்த்ததன்று. இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து, துண்டு துண்டாக இணைத்துச் செய்தது. அவ்வாறு செய்யப்பட்டு எஞ்சியுள்ள பீரங்கிகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. அங்கிருந்து வடகிழக்கே, கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில், 1751-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் காய்ச்சலுற்று இறந்தார். துப்பாக்கியிலிருந்து பாயும் குண்டின் வேகத்தை நம்பத்தக்க முறையில் அளந்து காட்டி, பீரங்கிக் கலையை அறிவியலாக மாற்றியவர் அவர். தஞ்சையின் பீரங்கி கொல்லரின் கைத்திறன் எட்டிய உயரத்தைக் காட்டுகிறது. கடலூரில் முடிந்த அந்த வாழ்வு, கைத்திறனோடு கணக்கும் சேர்ந்த திருப்பத்தைக் குறிக்கிறது.

பீரங்கி செய்வோர் எக்காலத்திலும் மூன்று சிக்கல்களைத் தீர்க்க வேண்டியிருந்தது. வெடியின் விசையைக் குழல் பிளக்காமல் அடக்குவது முதலாவது. அவ்விசை குண்டுக்கு எவ்வளவு வேகம் தருகிறது என்று அளப்பது இரண்டாவது. அளந்தபடி குண்டைக் குறித்த இடத்தில் விழச் செய்வது மூன்றாவது. பீரங்கியின் வலிமை அதன் பருமனில் இருப்பதாக அரசர்கள் நெடுங்காலம் நம்பினர். உண்மையில் இம்மூன்றிலும் தேர்ச்சி கூடிய அளவே அதன் வலிமையும் கூடியது என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

வெடியுப்பின் பிறப்பு

பீரங்கிக்கு முன்னோடி வெடிமருந்து; அதன் தாயகம் சீனா. 9-ஆம் நூற்றாண்டளவில், சாவா மருந்தைத் தேடிய சீனத்து இரசவாதிகள் வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றைக் கலந்தபோது அக்கலவை சீறி எரிவதைக் கண்டனர். 1044-இல் தொகுக்கப்பட்ட சீனப் போர்க்கலை நூலில் அதன் கலவை முறைகள் இடம்பெற்றுள்ளன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அக்கலவையை உலோகக் குழலில் இட்டு வெடிக்கும் சிறு கைப்பீரங்கிகள் அங்கே தோன்றிவிட்டன. ஐரோப்பாவைப் பொறுத்தவரை, 1326-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேயக் கையெழுத்துப் படியில், பூச்சாடி போன்ற வயிறு பருத்த குழலிலிருந்து குண்டுக்குப் பதிலாக அம்பு பாய்வது போன்ற ஓவியமே மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று.

இக்கலவையின் ஆற்றல் வெடியுப்பில் அடங்கியுள்ளது. விறகு எரிய வெளிக்காற்று வேண்டும். வெடிமருந்துக்கு அது வேண்டியதில்லை, ஏனெனில் எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே மூடிய குழலின் அடியில் இறுகக் கிடக்கும்போதும் அது முழுவதும் எரிந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் பெருமளவு வெப்ப வாயுவாக மாறுகிறது; அவ்வாயு விரிய இடம் தேடித் தனக்கு முன்னே கிடக்கும் குண்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற விகிதம். தொடக்கத்தில் மாவாக இடித்து வைக்கப்பட்ட மருந்து, வண்டியின் குலுக்கலில் பிரிந்து அடுக்கடுக்காகப் படிந்துவிடும். அதை ஈரமாக்கிப் பிசைந்து மணிமணியாக உலர்த்தும் முறை 15-ஆம் நூற்றாண்டில் பரவியபின், மணிகளுக்கு இடையேயுள்ள இடுக்குகளின் வழியே தீ சட்டெனப் பரவியதால், அதே அளவு மருந்து முன்னினும் கடுமையாக வெடித்தது. மருந்து வலுத்தபோது குழலும் வலுக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் 1526-இல் நடந்த முதலாம் பானிபட் போரில், வண்டிகளைத் தோல்வார்களால் பிணைத்து அரணாக்கி அவற்றிடையே பாபர் நிறுத்திய பீரங்கிகளும் துப்பாக்கிகளும் இப்ராகிம் லோடியின் பெரும்படையைச் சிதறடித்ததில் முக்கியப் பங்கு வகித்தன. தமிழில் வழங்கும் 'பீரங்கி' என்ற சொல், ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி' என்ற சொல்லோடு உறவுடையது என்பது பரவலான கருத்து. பரங்கிமலை என்று தமிழர் அழைக்கும் புனித தோமையார் மலையே, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பீரங்கிப்படைக்குத் தலைமையிடமாகவும் பின்னாளில் அமைந்தது.

அடக்கும் கலை

முதற்காலத்துப் பெரும் பீரங்கிகள் மரப்பீப்பாய் செய்யும் முறையில் செய்யப்பட்டன. நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக நிறுத்திக் குழலாக்கி, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றையடுத்து ஒன்றாக மாட்டுவர். வளையம் குளிரும்போது சுருங்கி உட்பட்டைகளை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றி, நீரூற்றிக் குளிரவைத்து இறுக்கிய கிராமத்துக் கொல்லர் பயன்படுத்திய நுட்பமும் இதுவே. தஞ்சைப் பீரங்கியின் உட்புறத்தில் 40-க்கும் மேற்பட்ட நீண்ட இரும்புப் பட்டைகள் உள்ளன. வெளிப்புறத்தில் 90-க்கும் மேற்பட்ட வளையங்கள் அவற்றைக் கவ்வியுள்ளன. இரகுநாத நாயக்கர் 1620-இல் டேனியரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியை அவர்களுக்கு அளித்தவர் என்பதால், இப்பீரங்கி டேனியர் உதவியால் உருவானது என்ற கருத்தும் வழங்குகிறது. ஆயினும் அக்காலத்து ஐரோப்பியர் பெரும்பாலும் வார்ப்பு முறைக்கு மாறிவிட்டிருந்தனர் என்பதையும், இரும்பை அடித்து இணைப்பதில் இந்தியக் கொல்லருக்கு நெடிய மரபு இருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தால், இவ்வேலையில் உள்ளூர்க் கைகளின் பங்கே மேலோங்கியிருக்க வேண்டும் என்று கொள்வது பொருத்தமானது. பெரிய வார்ப்பு உலையின் துணையின்றி 22 டன் இரும்பைச் சிறுசிறு பகுதிகளாகக் காய்ச்சி, ஒவ்வொன்றும் தக்க சூட்டில் இருக்கும் கணத்தைத் தவறவிடாமல் அடித்து ஒட்டவைத்த அவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

இம்முறையின் குறை, இணைப்புகளில் ஒன்று தளர்ந்தாலும் குழல் பிளக்கக்கூடும் என்பதாகும். ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் 1460-இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் தம் பக்கத்துப் பீரங்கியொன்று வெடித்துச் சிதறியதால் உயிரிழந்தார். எடின்பரோ கோட்டையில் இன்றும் காணப்படும் 'மான்ஸ் மெக்' என்னும் இரும்புப் பீரங்கி 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரியாதை வெடி முழக்கியபோது உடைந்தது. இதற்கு மாற்றாக வந்தது வெண்கல வார்ப்பு. செம்போடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து ஒரே வார்ப்பாக ஊற்றும் இக்கலையை, தேவாலய மணிகளை வார்த்து வந்தவர்களே ஐரோப்பாவில் பீரங்கிக்கும் கொண்டுவந்தனர். வெண்கலம் விலை மிகுந்தது. ஆனால் அளவு மீறிய அழுத்தம் வந்தால் திடீரெனச் சிதறாமல் பெரும்பாலும் முதலில் புடைத்து எச்சரிக்கும். வார்ப்பிரும்பு விலை மலிந்தது. ஆனால் எச்சரிக்காமல் சிதறும். இங்கிலாந்தில் 1543 முதல் வார்ப்பிரும்புப் பீரங்கிகள் செய்யப்பட்டபின், அம்மலிவே கடற்படைகளைப் பெருக்கியது.

வெண்கலப் பெரும் பீரங்கிகளின் புகழ் 1453-இல் உச்சத்தை எட்டியது. ஓர்பன் என்னும் ஹங்கேரிய வார்ப்பாளர் உதுமானிய சுல்தான் இரண்டாம் மெகமதுக்காக வார்த்த பீரங்கி, அரை டன்னுக்கு மேற்பட்ட கற்குண்டுகளை எறிந்து, ஆயிரம் ஆண்டுகள் நின்ற கான்ஸ்டான்டிநோபிளின் மதில்களை இடித்தது. அதை இழுக்க அறுபது எருதுகள் பூட்டப்பட்டன என்றும், ஒவ்வொரு முறை வெடித்தபின்னும் அது நெடுநேரம் ஆற வேண்டியிருந்ததால் நாளொன்றுக்குச் சில முறையே முழங்கியது என்றும் அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. அதன் வழியில் 1464-இல் வார்க்கப்பட்ட உதுமானியப் பீரங்கியொன்று, திருகி இணைக்கும் இரு பகுதிகளாக இங்கிலாந்தில் இன்றும் உள்ளது. பீஜப்பூரில் உள்ள 'மாலிக்-இ-மைதான்' 1549-இல் அகமதுநகரில் வார்க்கப்பட்டது. யானையை விழுங்கும் சிங்க முகமாக அதன் வாய் வடிக்கப்பட்டுள்ளது. மாஸ்கோவில் 1586-இல் ஆந்திரேய் சோகோவ் வார்த்த 'ஜார் பீரங்கி'யின் துளை விட்டம் 89 சென்டிமீட்டர்.

இத்தகைய பீரங்கியை வெடிப்பதே ஒரு சடங்கு போன்றது. முன்வாயின் வழியே மருந்தை இட்டுக் கோலால் கெட்டிப்பர். மேலே அடைப்பு வைத்துக் குண்டை உருட்டுவர். பின்புறத்துச் சிறு திரித்துளையில் மருந்து தூவி நெருப்பு வைப்பர். வெடித்தபின் ஈரத்துணி சுற்றிய கோலால் உட்குழலைத் துடைத்து, எஞ்சிய கனலை அணைக்க வேண்டும். அணையாத ஒரு பொறி அடுத்த மருந்தை இடும்போதே பற்றவைத்து, இடுபவரின் கையைக் கொண்டுபோய்விடும். குண்டு முன்னே பாயும்போது பீரங்கி பின்னே உதைப்பது இயற்கையின் விதி. அந்த உதைப்பால் இடம்பெயரும் பீரங்கியைத் தள்ளிக்கொண்டுவந்து மறுபடி குறிபார்ப்பதிலேயே பெரும்பொழுது கழிந்தது. ஆகவே பெரும் பீரங்கியைவிட, எளிதில் நகரும் நடுத்தரப் பீரங்கியே போரில் மிகுதியாகப் பயன்பட்டது. பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் 1494-இல் சக்கர வண்டிகளில் ஏற்றிய வெண்கலப் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் புகுந்து, இரும்புக் குண்டுகளால் கோட்டைகளை விரைந்து வீழ்த்தியபின், உயர்ந்த மதில்களின் காலம் முடிந்தது. தாழ்ந்து தடித்த, விண்மீன் வடிவக் கோட்டைகள் எழுந்தன.

அளக்கும் அறிவு

குண்டு எப்பாதையில் பறக்கிறது என்ற கேள்வி அறிஞரை ஈர்த்தது. இத்தாலியரான தார்த்தாலியா 1537-இல் வெளியிட்ட நூலில், 45 பாகைச் சாய்வில் சுட்டால் குண்டு மிகத் தொலைவு செல்லும் என்றார். கலிலியோ 1638-இல், எறியப்பட்ட பொருளின் பாதை பரவளையம் என நிறுவினார். பரவளையம் என்பது மேலெறிந்த கல் வளைந்து விழும் சீரான வளைகோடு. கலிலியோவின் கணக்கு காற்றின் தடையைப் புறக்கணித்தது. மெதுவாகச் செல்லும் பொருளுக்கு அது ஓரளவு பொருந்தியது, பீரங்கிக் குண்டுக்குப் பொருந்தவில்லை.

இந்த இடைவெளியை 1742-இல் வெளியான ராபின்ஸின் நூல் நிரப்பியது. கனமான மரப்பலகை பதித்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்பதைக் கொண்டு, கண்ணால் காண முடியாத குண்டின் வேகத்தை அவர் கணக்கிட்டார். வேகமாகச் செல்லும் குண்டின்மேல் காற்று செலுத்தும் தடை, அக்குண்டின் எடையைப் போலப் பல மடங்கு என்ற வியப்பூட்டும் முடிவு இதனால் கிடைத்தது. புகழ்பெற்ற கணித மேதை ஆய்லர் 1745-இல் இந்நூலை விளக்கங்களோடு ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். குழலின் உட்புறத்தில் சுருள்வரிகளை வெட்டினால் குண்டு சுழன்று நேராகச் செல்லும் என்பதால், அதில் முந்தும் நாடு போர்களில் மேம்படும் என்றும் ராபின்ஸ் முன்னறிந்து எழுதினார். பிரெஞ்சுக்காரரிடம் 1746-இல் சென்னையை இழந்து 1749-இல் மீட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, தன் கோட்டைகளை வலுப்படுத்த அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750-இல் சோழமண்டலக் கரையை அடைந்த அவர், ஏறத்தாழ ஓராண்டில் கடலூரில் மறைந்தார்.

பீரங்கித் தொழில் பிற அறிவுத்துறைகளுக்கும் கொடை அளித்தது. திண்மமாக வார்த்த பீரங்கியில் துளையிடும் கருவியைச் செம்மைப்படுத்திய ஜான் வில்கின்சனின் 1774-ஆம் ஆண்டு நுட்பமே, ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்துக்குக் கசியாத உருளையைத் தந்தது. மியூனிக் படைக்கலச் சாலையில் பீரங்கி துளைக்கும்போது வெப்பம் ஓயாமல் எழுவதைக் கண்ட ரம்ஃபோர்டு பிரபு, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கத்தின் வடிவம் என்று 1798-இல் வாதிட்டார்.

கணக்கின் காலம்

19-ஆம் நூற்றாண்டில் ராபின்ஸின் முன்கணிப்பு மெய்யானது. கிரிமியப் போரை ஒட்டி இங்கிலாந்தின் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த பீரங்கி, உட்குழலில் சுருள்வரி கொண்டது; பின்புறத்தைத் திறந்து குண்டிடும் அமைப்புடையது. அதன் குழலை வலுப்படுத்த அவர் கையாண்ட வழி, உட்குழல்மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி ஏற்றிச் சுருங்கவைப்பதாகும். இரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னர்த் தஞ்சைக் கொல்லர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த அதே கோட்பாடு, அழுத்தத்தைக் கணக்கிட்டு வளையத்தின் இறுக்கத்தை முடிவுசெய்யும் பொறியியலாக இப்போது திரும்பிவந்தது. ஜெர்மனியின் க்ருப் ஆலை எஃகுக் குழல்களை வார்த்தது. 1884-இல் பிரான்சில் பால் வியேய் புகையற்ற வெடிமருந்தைக் கண்டறிந்தார்.

பின்னுதைப்பின் சிக்கலைத் தீர்த்தது 1897-இல் வந்த 75 மில்லிமீட்டர் பிரெஞ்சுப் பீரங்கி. அதன் குழல் மட்டும் பின்னே சறுக்கும், எண்ணெயும் அழுத்திய காற்றும் நிறைந்த உருளைகள் உதைப்பை உள்வாங்கி, குழலைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும், வண்டி அசையாது. மறுபடி குறிபார்க்க வேண்டியதில்லை என்பதால் நிமிடத்துக்கு 15 முறை சுட முடிந்தது. பீரங்கி வகைகளும் தெளிவாகப் பிரிந்திருந்தன: நீண்ட குழலோடு தாழ்ந்த பாதையில் சுடுவது களப்பீரங்கி, குறுகிய குழலோடு உயர்ந்த வளைவில் எறிந்து மலைக்கும் மதிலுக்கும் பின்னால் விழச் செய்வது ஹவிட்சர், ஏறத்தாழ செங்குத்தாக எறிவது மோர்ட்டார். முன்னே ஒருவர் மறைந்திருந்து எறிகணை விழும் இடத்தைத் தொலைபேசியில் தெரிவிக்க, பின்னே இருப்பவர் பகைவரைக் காணாமலே கணக்கைத் திருத்திச் சுடும் முறையும் நிலைபெற்றது. எறிகணை என்பது உள்ளே வெடிபொருள் நிரம்பிய, விழுந்தபின் வெடிக்கும் குண்டு.

சென்னை இதன் ஆற்றலை நேரில் கண்டது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன், வெறும் 10.5 சென்டிமீட்டர் துளை விட்டமுள்ள பீரங்கிகளால் சுமார் அரைமணி நேரம் சுட்டு, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுச் சென்றது. அன்று மக்களிடையே பரவிய அச்சம், 'எம்டன்' என்ற சொல்லைப் பேச்சுத் தமிழிலேயே நிலைக்கவைத்தது.

பருமனின் மயக்கம் இதன்பின்னும் தொடர்ந்தது. 1918-இல் ஜெர்மானியரின் 'பாரிஸ் பீரங்கி' சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அந்நகரைத் தாக்கியது. எறிகணை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பியதால், பூமியின் சுழற்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் குழல் தேய்ந்தபடியால், எறிகணைகள் வரிசை எண்ணிட்டுச் சற்றே பெரிதாகிக்கொண்டு போகும்படி செய்யப்பட்டன. அவ்வாண்டு பெரிய வெள்ளியன்று செயின்ட் ஜெர்வே தேவாலயத்தின் கூரைமேல் விழுந்த ஒரே எறிகணையால், வழிபாட்டிலிருந்த 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டாம் உலகப் போரில் க்ருப் ஆலை செய்த 'குஸ்டாவ்', 80 சென்டிமீட்டர் துளையும் 1,350 டன் எடையும் கொண்டு இருப்புப்பாதைமேல் நகர்ந்தது. அதைப் பூட்டி நிறுத்தவே வாரக்கணக்கில் ஆயிற்று. 1942-இல் செவஸ்தபோல் முற்றுகையில் ஐம்பதுக்கும் குறைவான எறிகணைகளை எறிந்ததோடு அதன் போர்ப்பணி ஏறக்குறைய முடிந்தது. ஆனால் அதே போர்க்காலத்தில், எறிகணைப் பாதைகளைக் கணக்கிடும் அட்டவணைகளுக்காக அமெரிக்கப் படைத்துறை உருவாக்கத் தொடங்கிய எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி, மனிதர் கைக்கருவியோடு சுமார் 20 மணி நேரம் போடும் கணக்கை 30 விநாடியில் முடித்தது. ராபின்ஸ் ஊசலில் தொடங்கிய தேடல் கணிப்பொறி யுகத்தின் வாயிலில் வந்து நின்றது.

இன்று பல நாட்டுப் படைகள் 155 மில்லிமீட்டர் விட்டத்தையே பொது அளவாகக் கொண்டுள்ளன. இந்தியா 1986-இல் ஸ்வீடனிடம் வாங்க ஒப்பந்தமிட்ட போஃபர்ஸ் பீரங்கிகள் இவ்வகையினவே; 1999 கார்கில் போரில் மலைமுகடுகளில் பதுங்கியிருந்த பகைவரைத் தாக்குவதில் அவை பெரும்பணி ஆற்றின.

அடக்கவும் அளக்கவும் குறிவைக்கவும் மனிதன் கற்றுக்கொண்டான். ஆனால் சுடுபவர் தாம் சுடப்படுபவரைக் காண வேண்டிய தேவையே இல்லாமல் போனது, இவ்வளர்ச்சியின் கனத்த விலை. உள்நாட்டுப் போர்க்காலத்து ஈழத்தில் 'ஆட்லறி', 'ஷெல்லடி', 'பதுங்குகுழி' ஆகியவை படைத்துறைக் கலைச்சொற்களாக அல்ல, குழந்தைகளும் அறிந்த அன்றாடச் சொற்களாக வழங்கின. தொலைவில் கேட்கும் ஓசைக்கும் அருகே விழும் எறிகணைக்கும் இடைப்பட்ட சில விநாடிகளை அம்மக்கள் எண்ணப் பழகியிருந்தனர். அதுவும் ஒரு பீரங்கிக் கணக்கே. எந்த அட்டவணையிலும் அது ஏறவில்லை. தஞ்சை மேட்டில் குளிர்ந்து கிடக்கும் இரும்பைக் காண்போர், அதைச் செய்த கைகளின் திறனைப் போற்றும் அதே வேளையில், அந்தக் கணக்கைப் போட நேர்ந்தவர்களையும் நினைத்துப் பார்ப்பதே இவ்வரலாற்றை முழுமையாக அறிவதாகும்.